மூட்டுகளின் கதை – 9: முப்பத்தேழு ஆண்டு காத்திருந்த மாத்திரை

கார்ட்டிசோன் கிளப்பிய பரபரப்பைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1948 செப்டம்பர் 21 அன்று மேயோ கிளினிக்கில் முதல் ஊசி போடப்பட்டது. படுக்கையில் புரண்டு படுக்கவே திணறிய 29 வயதுப் பெண் சில நாள்களில் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கும் போய்வந்தார். 1950-ல் ஃபிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முடக்குவாதத்துக்கு முடிவு கட்டியாயிற்று என்றே பலரும் நம்பினார்கள். பிறகு ஊதிப்போன முகங்களும் உளுத்துப்போன எலும்புகளும் வயிற்றுப்புண்களும் வந்து சேர்ந்தன. மருந்தை நிறுத்தினால் பழைய வலி அப்படியே திரும்பியது.

கார்ட்டிசோன் வந்த அதே காலத்தில், அதே அமெரிக்காவில் இன்னொரு மருந்தும் பிறந்தது. அதற்குப் பரிசு கிடைக்கவில்லை, பத்திரிகைகள் தலைப்புச் செய்தி போடவில்லை. ஆனால் இன்று முடக்குவாதம், நாட்டு வழக்கில் சரவாங்கி, என்று உறுதியானவருக்கு உலகின் எந்த மூலையிலும் மருத்துவர் முதலில் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் சின்ன மாத்திரை.

இந்த மருந்துக் குடும்பம் மூட்டுநோயில் வேலை செய்கிறது என்று முதன்முதலில் அச்சில் வந்தது 1951-ல். முடக்குவாதத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது 1988-ல். நடுவே 37 ஆண்டுகள் எப்படிப் போயின என்பதுதான் இந்த அத்தியாயம்.

சென்னையிலிருந்து போனவர்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதரில் தைத்த அறுவைச் சிகிச்சை அங்கியோடு கூடத்துக்குள் வந்தது பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். வரவேண்டிய கைக்கு எல்.எம்.எஸ். என்ற ஒரு படி தாழ்ந்த பட்டம்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணியில் சேர முடியவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் பாடம் நடத்தினார்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இருவருக்கும் வந்தது ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டலக் குடல்நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் கழிந்துபோகும், ரத்தம் சுண்டும், ஆள் கரைந்துபோவார். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது.

1922-ல் சுப்பாராவ் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது, சாப்பாட்டுக்கு வழியில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவிக்கொண்டே படித்தார். இந்த மருத்துவமனையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். ‘ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை’ என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்கள் அதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். தசை சுருங்கி விரிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற தேடலில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி. என்ற அடினோசின் டிரை பாஸ்பேட்டையும் இருவரும் பிரித்தெடுத்தார்கள். இதெல்லாம் செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார்.

லெடர்லேயில் அவர் தலைமையில் நடந்த வேலைகளின் பட்டியல் மலைக்க வைக்கும். ஆரியோமைசின் அங்கிருந்து வந்தது. யானைக்கால் நோயைத் தடுக்க நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அங்கிருந்து வந்ததுதான். ஈரலிலும் கீரையிலும் துளியளவு இருக்கும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. மறு ஆண்டே கியூபாவில் டாம் ஸ்பைஸ் அந்த மாத்திரையை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார், நோயாளிகள் தேறினார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து, சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்தது.

ஊட்டத்தின் போலி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பார்த்துவந்தார். ஃபோலிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமெடுப்பதாக அவருக்குப் பட்டது. ஃபோலிக் அமிலம் நோய்க்குத் தீனி என்றால், அதைத் தடுக்கும் ஒன்று நோயை அடக்க வேண்டுமே! அப்படிப்பட்ட தடைப்பொருள்களைச் சுப்பாராவின் குழு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதன் அமைப்பில் ஓரிரு இடங்களை மட்டும் மாற்றிச் செய்த பொருள், பூட்டுக்குள் நுழைந்து திறக்காமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அசல் சாவிக்கு இடமிருக்காது. அணுப் பெருக்கம் நிற்கும். அமினோப்டெரின் என்ற அந்தப் பொருளை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948 ஜூனில் முடிவு வெளியானது. மருந்தைக் கொடுத்துப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் நம்பத் தொடங்கிய நாள்கள் அவை. அமினோப்டெரினின் உடன்பிறப்பாக, நச்சுத்தன்மையைக் கணித்துக் கையாள வசதியாக, கொஞ்ச நாளில் வந்தது மெத்தோட்ரெக்சேட்.

சுப்பாராவ் அந்த ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் இறந்தார். ஆறு வாரம் கழித்து மேயோ கிளினிக்கில் முதல் கார்ட்டிசோன் ஊசி.

1951: யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுரை

முடக்குவாதத்தில் மூட்டுக்குள் நடப்பதை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். உடம்பின் எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டையே பகையாக நினைத்துத் தாக்குகிறது. மூட்டின் உள்சுவரில் காகிதம் போல் மெல்லிதாக இருக்கவேண்டிய சவ்வு வீங்கி, தடித்து, சதைபோல் வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கிறது.

நியூயார்க் புரூக்ளினில் இருந்த ரிச்சர்ட் குப்னருக்கு இந்த வளர்ச்சிதான் கண்ணில் பட்டது. அளவுக்கு மீறி வளரும் திசுவைத் தடுப்பதுதான் அமினோப்டெரினின் வேலை என்றால், அதை ஏன் மூட்டுநோயில் கொடுத்துப் பார்க்கக் கூடாது? கொடுத்தார். வலியும் வீக்கமும் குறைந்தன. அவர் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. மூட்டுநோயோடு சொரியாசிஸும் இருந்தவருக்குத் தோலில் செதில் செதிலாக இருந்த தடிப்புகளும் மறையத் தொடங்கின. 1951-ல் இரண்டையும் எழுதி வெளியிட்டார்.

மூட்டு மருத்துவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவைதான். கார்ட்டிசோனின் வெளிச்சம் அப்போது உச்சத்தில் இருந்தது. ஊசி போட்டு ஓரிரு நாளில் எழுந்து நடப்பவரைப் பார்த்த கண்ணுக்கு, வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும் மருந்து பெரிதாகத் தெரியவில்லை. போதாததற்கு இது புற்றுநோய் மருந்து: ரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும், ஈரல் கெடலாம். முடக்குவாதம் ஆளைக் கொல்லாத நோய் என்பது அன்றைய பொது எண்ணம். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு இவ்வளவு கடுமையான மருந்து எதற்கு என்றுதான் கேட்டார்கள்.

அந்த எண்ணம் தவறு என்பது பின்னால் தெரிந்தது. முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் பாதிக்கிறது, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது, ஆயுளைக் குறைக்கிறது. அன்றைய சிகிச்சை ஒரு கோபுரமாக வரையப்பட்டிருந்தது. அகன்ற அடித்தட்டில் ஓய்வும் ஆஸ்பிரினும். அதில் சரியாகாவிட்டால் தங்க உப்பு ஊசி. கடுமையான மருந்துகளெல்லாம் உச்சியில், கடைசிப் புகலாக. நோயாளி ஒவ்வொரு படியாக ஏறி மேலே வருவதற்குள் விரல்கள் கோணிப்போயிருக்கும்.

தோல் மருத்துவர்கள் காத்த நெருப்பு

குப்னரின் கட்டுரையைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டவர்கள் தோல் மருத்துவர்கள். 1950-களின் இறுதியிலிருந்தே சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், ஈரல் தாங்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவில் கொடுத்தால் பலன் குறையாமல் தீங்கு குறைகிறது என்பதை அனுபவத்தில் கற்றார்கள். மூட்டுநோய்ச் சிகிச்சை பின்னால் கடன் வாங்கியது இந்த வாரக் கணக்கைத்தான்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ரெக்ஸ் ஹாஃப்மைஸ்டர் என்ற மூட்டு மருத்துவர், பெரிய பல்கலைக்கழகப் பின்னணி ஏதும் இல்லாமல், தன் நோயாளிகளுக்கு வாரம் ஒரு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுவந்தார். 1972-ல் 29 நோயாளிகளைப் பற்றி ஒரு மாநாட்டில் சொன்னார். பெரிதாக எடுபடவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. 1983-ல் பதினைந்து ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது காலம் மாறியிருந்தது. கார்ட்டிசோனின் பின்விளைவுகளில் அலுத்துப்போயிருந்த மருத்துவர்கள், கைவசம் வேறு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அனுபவம் மட்டும் போதாது, ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டும். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெய்ன்பிளாட். மற்ற மருந்துகளுக்கு மசியாத முடக்குவாதக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், மற்றதுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பாதி வழியில் குழுக்களை மாற்றிப்போட்டு, மொத்தம் 24 வாரம் பார்த்தார்கள். வலிக்கும் மூட்டுகள் குறைந்தன. காலையில் எழுந்ததும் கையை மடக்க முடியாமல் இறுகிக் கிடக்கும் நேரமும் குறைந்தது. 1985-ல் முடிவுகள் வெளியாயின. வேறு குழுக்களும் அதே காலத்தில் அதையே கண்டன. 1988-ல் அனுமதி வந்தது.

வெய்ன்பிளாட் இந்த ஆய்வை நடத்தியது பாஸ்டனின் பிரிகாம் அண்டு விமன்ஸ் மருத்துவமனையில். 1980-ல் சில பழைய மருத்துவமனைகள் இணைந்து உருவான நிறுவனம் அது. அவற்றில் ஒன்று, சுப்பாராவ் இரவு நேரத்தில் மலச்சட்டி கழுவிய பீட்டர் பென்ட் பிரிகாம்.

எதிரியை ஏன் கூடவே கொடுக்கிறார்கள்?

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிய பலருக்கு வரும் குழப்பம் ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரி. அப்படியிருக்க, வாரத்தின் வேறு நாளில் ஃபோலிக் அமிலமும் சாப்பிடச் சொல்கிறாரே மருத்துவர்? ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடாதா?

கெடுப்பதில்லை என்பதை அலபாமாவில் சாரா மோர்கனின் குழு 1990-களில் ஆய்வு செய்து காட்டியது. ஃபோலிக் அமிலம் சேர்த்தவர்களுக்கு வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகள் குறைந்தன. மூட்டுக்குக் கிடைத்த பலன் அப்படியே இருந்தது. அப்படியானால் குறைந்த அளவில் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வது அணுப் பெருக்கத்தைத் தடுத்து மட்டும் அல்ல என்றாகிறது. புற்றுநோயில் கிராம் கணக்கில்கூடக் கொடுக்கும் மருந்து, மூட்டுநோயில் வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிரான்ஸ்டைன் இதற்கு ஒரு விளக்கம் கண்டார். குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் உயிரணுவுக்குள் தங்கி, அங்கிருந்து அடினோசின் வெளியேறும்படி செய்கிறது. அடினோசின் அழற்சியைத் தணிக்கும் இயற்கைப் பொருள். வேறு வழிகளிலும் இந்த மருந்து செயல்படுகிறது என்றாலும், அடினோசின் வழி முக்கியமானது என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. 1929-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தெடுத்த ஏ.டி.பி.யின் முதல் எழுத்து, இதே அடினோசின்தான்.

கோபுரம் தலைகீழான கதை

மெத்தோட்ரெக்சேட் கைக்கு வந்ததும் பழைய கோபுரத்தைக் கவிழ்க்கும் பேச்சு எழுந்தது. மூட்டு அரிப்பு, நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே வேகமாக நடக்கிறது என்பது எக்ஸ்ரேக்களில் தெரிந்தது. கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. ஆகவே தொடக்கத்திலேயே அடக்க வேண்டும். ஆன்டி-சிசிபி போன்ற ரத்தப் பரிசோதனைகள் வந்தபின் நோயை முன்கூட்டியே இனங்காண்பதும் எளிதாயிற்று.

அளக்கும் முறையும் மாறியது. “இப்ப எப்படி இருக்கு?” “கொஞ்சம் தேவலை டாக்டர்” என்பதோடு முடிந்த சந்திப்பில், 28 மூட்டுகளை எண்ணும் பழக்கம் புகுந்தது. தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, முழங்கால் இரண்டு, விரல்களின் அடிக்கணு பத்து, நடுக்கணு பத்து. மருத்துவர் கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்துவார். தன் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் போதும் என்பது கணக்கு. வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தனித்தனியே குறித்து, ரத்தப் பரிசோதனையையும் நோயாளியின் சொல்லையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை சிகிச்சையை விடாமல் கூட்ட வேண்டும்.

கிளாஸ்கோவில் 110 நோயாளிகளை வைத்து நடந்து 2004-ல் வெளியான ஆய்வு இதன் வலிமையைக் காட்டியது. ஒரு பாதியினரை மாதம் தவறாமல் அழைத்து, மதிப்பெண் பார்த்து, மருந்தை உயர்த்தினார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. 18 மாதம் கழித்து, மாதாமாதம் பார்த்தவர்களில் 65 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான். புதிதாக எந்த மருந்தும் அங்கே பயன்படவில்லை. இருந்த மருந்துகளையே கண்காணித்துக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது.

மருந்துகளைக் கூட்டாகக் கொடுப்பதும் பலன் தந்தது. நெப்ராஸ்காவின் ஜேம்ஸ் ஓடெல், மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலசினையும், மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் சேர்த்துக் கொடுத்தார். சல்ஃபாசலசினும் காத்திருந்து வந்த மருந்துதான்: ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுநோய்க்காகவே உருவாக்கியது, குடல்நோய்க்குப் போய், பல பத்தாண்டு கழித்து மூட்டுக்குத் திரும்பியது. 102 பேரிடம் நடந்த ஓடெலின் ஆய்வு 1996-ல் வெளியானது. மூன்றும் சேர்ந்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்து இரண்டு ஆண்டுவரை நீடித்தது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் வாங்கியவர்களில் அது 33 சதவீதம். 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஓடெலும் சகாக்களும் இதே மும்மருந்துக் கூட்டை விலை உயர்ந்த உயிரியல் மருந்தோடு ஒப்பிட்டார்கள். மலிவான கூட்டு எந்த விதத்திலும் தாழ்ந்துவிடவில்லை. கைக்காசு போட்டு மருந்து வாங்கும் நம் நாட்டுக்கு இந்த முடிவின் அருமை அதிகம்.

ஞாயிறு என்றால் ஞாயிறு மட்டும்

இந்த மருந்தின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. வாரம் ஒருநாள் என்பதைத் தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் சாப்பிடுபவருக்கு இந்த ஒன்று மட்டும் விதிவிலக்கு என்பது எளிதில் நழுவிவிடுகிறது. ஆகவேதான் கவனமுள்ள மருத்துவர், ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையைப் போட்டு அடிக்கோடிடுகிறார். வாய் முழுக்கப் புண் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்த அணுக்கள் சரிவதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். ரத்தத்தையும் ஈரலையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். மது கூடாது. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

1951-ல் குப்னரிடம் இருந்ததற்கும் 1988-க்குப் பின் மருத்துவர்கள் கையில் இருப்பதற்கும் வேதியியலில் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதோடு சேர்த்து, நோயின் எந்தக் கட்டத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கண்டதுதான் வேறுபாடு. முடக்குவாதம் மருந்து தேவைப்படும் அளவுக்குப் பெரிய நோய்தான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவும் அத்தனை ஆண்டு பிடித்தது.

எல்லோருக்கும் இந்த மாத்திரை போதவில்லை என்பதும் உண்மை. நோய் அடங்காமல் தவித்தவர்களுக்காக லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-ல் ஒரு புது ஊசியைக் கையில் எடுத்தார்கள். அது தாக்கியது டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு மூலக்கூறை. முதல் முயற்சியிலேயே வீக்கம் வடிந்தது. ஆனால் சில மாதங்களில் உடம்பு அந்த ஊசிக்கே எதிர்ப்பு காட்டத் தொடங்கியது. அந்த எதிர்ப்பை அடக்க இருவரும் தேடிப்போன துணை எது தெரியுமா? வாரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவில், மெத்தோட்ரெக்சேட். டி.என்.எஃப். கதையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)